அவர் சொன்னதா, நீர் சொன்னதா?

மலேசியாவின் மூவார் நகரில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது என் இடத்தில் இருக்கும் தர்ஷினி சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"விமலாக்கா, இப்பல்லாம் இண்டர்வியூக்கு ஆள் நேர்ல வர்றதே இல்ல லா. கேள்வி ஃபோன்ல வரும். அவங்க ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்பிருவாங்க. நம்ம உக்காந்து மார்க் போட்டா போதும்."

"கேள்வி புரியலன்னா அவங்க யாரைக் கேப்பாங்க?"

"யாரையும் கேக்க முடியாதுக்கா. அதுக்குத்தான் உங்களக் கூப்பிடுறேன். புதுசா நாலு பேர் வந்திருக்காங்க. பேச்சு எத்தனை வகை, நேர்காணல் எத்தனை வகைன்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுங்க."

போனேன். எழுதி வாசிக்கும் பேச்சு, மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சு, குறிப்பை வைத்துக்கொண்டு பேசுவது, தயாரிப்பே இல்லாமல் எழுந்து பேசுவது. நேர்காணலில் ஆள் எடுப்பது, ஆண்டு மதிப்பீடு, விசாரணை, வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைசியாக நடத்துவது. எல்லாவற்றையும் திரையில் போட்டு விளக்கினேன். நால்வரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் பேசினேன்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரை எடுக்கும்போது ஒரு குறை தோன்றியது. வகைகளைச் சொன்னேனே தவிர, அவற்றை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லவில்லை. தப்புச் செய்துதான் கற்றேன். அந்தத் தப்பில் ஒரு மனிதனின் வேலை போயிருக்கும்.

சாஆ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துத் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தபோது, எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளியிருந்த குணசேகரன் அண்ணன் மூவாரில் இயந்திரப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தார். "ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் தேடுறாங்க, வா" என்று அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைத்தார். மூன்று வருடம் கடிதம் தட்டினேன். பிறகு நேர்காணல்களில் குறிப்பெடுக்க உட்கார வைத்தார்கள். அதன்பிறகு என்னையே கேள்வி கேட்கச் சொன்னார்கள்.

என் மேலதிகாரி திரு. பொன்னையா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். எங்களோடு தமிழில் பேசினால் அவர் வீட்டுத் தமிழ்தான் வரும். யாரையும் நீ என்று சொல்லமாட்டார். யாரையும் பாராட்டவும் மாட்டார். நேர்காணலுக்கு வருகிறவரை மேசைக்கு எதிரே உட்கார வைக்காமல், பக்கவாட்டில், தன் முழங்கைக்கு அருகே உட்கார வைப்பார். தானே எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றி வந்து வைப்பார். அந்த நேரத்தில் வந்தவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அவர் பேசும்போது பொன்னையா முகத்தைப் பார்க்கமாட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "முகத்தைப் பார்த்தா நாங்கள் முகத்தைத்தான் கேப்பம்" என்பார்.

ஒருமுறை மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் பிரிவுக்கு ஆள் எடுத்தோம். யோங் பெங்கிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கடுமையாக உழைப்பீர்களா? "ஆமாங்க." நேரத்துக்கு வருவீர்களா? "வருவேங்க." தூசி ஒத்துக்கொள்ளுமா? "ஒத்துக்குங்க." என் கேள்விகள் முடிந்தன. தாளில் எட்டு ஆமாம் இருந்தது. பொன்னையா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இண்டைக்குக் காலமை வீட்டிலயிருந்து இஞ்ச எப்பிடி வந்தனீங்கள்?"

அந்தப் பெண் நிமிர்ந்தார். அந்த நேரத்துப் பஸ் எப்போதும் தாமதம், அதனால் அதற்கு முந்தையதைப் பிடித்தது, சின்ன மகனைப் பக்கத்து வீட்டில் விட்டது, பாதி வழியில் மழை வந்தால் ஒதுங்க எந்தக் கடை என்று முந்தின நாளே வந்து பார்த்து வைத்தது, எல்லாம் சொன்னார். அவர் போனதும் பொன்னையா என் தாளைத் தொட்டார்.

"உம்மட எட்டுக் கேள்விக்கும் ஒரு கிளிப்பிள்ளை பதில் சொல்லும். முந்தின நாளே வந்து வழி பாக்கிற மனுசி இவா. எடும்."

எடுத்தோம். அவர் அந்தப் பிரிவின் தலைவியாகி ஓய்வு பெற்றார். ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். புரிந்துகொள்ளவில்லை என்பது சுகுமாரனின் விபத்தில் தெரிந்தது.

சுகுமாரன் இயந்திரப் பிரிவில் வேலை செய்தவர். முப்பது வயது இருக்கும். சுழலும் கத்தியால் கட்டையின் விளிம்பைச் செதுக்கும் இயந்திரம் அவருடையது. கத்திக்கு மேலே இரும்பில் ஒரு காப்பு மூடி உண்டு. ஒரு வியாழக்கிழமை காலை, வளைந்த நாற்காலிக் கால் ஒன்றைத் தள்ளும்போது கட்டை துள்ளியது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அப்போது இயந்திரத்தில் மூடி இல்லை.

மதியத்துக்குள் குணசேகரன் அண்ணனின் அறிக்கை வந்துவிட்டது. பணியாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் மூடியை அகற்றினார் என்று அதில் இருந்தது. பாதுகாப்பு விதியை மீறியது உறுதியானால் உள்விசாரணை நடக்கும், வேலை போகும். விரல் போன கையோடு சுகுமாரன் வேறு எங்கே போய் இயந்திர வேலை கேட்பார்?

வெள்ளிக்கிழமை நான் மருத்துவமனைக்குப் போனேன். சுகுமாரன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கும் அவசரம், அன்றைக்கே குறிப்பைக் கொடுக்க வேண்டும்.

"சுகுமாரன், மூடிய நீங்கதானே கழட்டுனீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். "ஆமாக்கா" என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

தாமே கழற்றியதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதி, தட்டி, பொன்னையாவின் மேசையில் வைத்தேன். அவர் அதை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"இது அவர் சொன்னதா, நீர் சொன்னதா?"

"அவர்தான் சார் சொன்னாரு."

"நீர் என்ன கேட்டனீர்? கேட்ட மாதிரியே சொல்லும்."

சொன்னேன்.

"அவர் என்ன சொன்னவர்?"

"ஆமாக்கான்னு."

"அப்ப அவர் சொன்னது ஒரு சொல். மிச்சம் எல்லாம் உம்மட வாயில இருந்து வந்தது. நீங்கதானே எண்டு தொடங்கினா அது கேள்வியில்லை பிள்ளை, தீர்ப்பு."

தாளை எடுக்கக் கை நீட்டினேன். "கிழிச்சுட்டு வேற எழுதித் தரேன் சார்" என்றேன்.

"கிழிக்கக் கூடாது." அவர் குரல் உயரவில்லை. "அது கோப்பில இருக்கட்டும். அதுக்குக் கீழ, கேள்வி பிழையாக் கேக்கப்பட்டது எண்டு எழுதிக் கையெழுத்துப் போடும். திங்கட்கிழமை எல்லாரிட்டயும் முதலில இருந்து கேளும். கேள்வியும் எழுத வேணும், பதிலும் எழுத வேணும். அவையள் சொன்ன சொல்லிலயே எழுத வேணும். ஒப்புக்கொண்டார், மறுத்தார் எண்டு நீர் ஒண்டும் எழுதக் கூடாது. தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து."

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னேன். "சார், குணசேகரன் அண்ணன் எங்க தோட்டத்துக்காரரு. இந்த வேலைக்கு என்னக் கூட்டிட்டு வந்ததே அவருதான். வேற யாராச்சும் விசாரிச்சா நல்லது."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "வேற ஆள் இல்லை. நீர்தான் கேளும், நான் பக்கத்தில இருப்பன். ஆனா நீர் இப்ப சொன்னதை முதல் பக்கத்தில எழுதும்."

எழுதினேன். கோப்பின் முதல் பக்கத்தில் என் பெயரோடு அந்த உறவையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமையே மருத்துவமனைக்கு மறுபடி போனேன். சுகுமாரனின் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். முடியும்வரை வெளியே நின்றேன். பிறகு உள்ளே போய், "நேத்து நான் கேட்டது தப்பு. அதச் சொல்லத்தான் மொதல்ல வந்தேன்" என்றேன்.

சுகுமாரன் என் பக்கம் திரும்பினார். "வலிக்குதுக்கா. ஆமான்னு சொன்னா நீங்க போயிருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எதுக்கு ஆமான்னீங்க?" என்று கணவனைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த வாரம் எப்படிப் போச்சு? திங்கக்கெழமையிலேருந்து சொல்லுங்க. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவர் சொன்னார். ஏற்றுமதிக் கொள்கலன் ஒன்று அந்த வாரம் போக வேண்டியிருந்தது. வளைந்த கால் மூடியில் இடித்து நின்று நின்று போனது. திங்கட்கிழமை காலை குணசேகரன் அண்ணனே ஸ்பானரோடு வந்து அந்த வரிசையில் மூன்று இயந்திரங்களின் மூடியையும் கழற்றினார். ஸ்பானர் அவருடைய அலமாரியில்தான் இருக்கும், பூட்டுப்போட்ட அலமாரி. "பாத்துத் தள்ளுங்கடான்னு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுசன்தான்கா. அவரும் என்ன செய்வாரு." அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். இடது கையால் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அது பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம். வேறு யாராவது அதையே சொன்னால்தான் நிற்கும்.

திங்கட்கிழமை அந்த வரிசையில் வேலை செய்த மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பொன்னையா ஓரத்தில் உட்கார்ந்தார். முதலில் வந்தவர் உட்காருவதற்கு முன்பே மலாயில் சொன்னார்: பணியாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் மூடியை அகற்றினார். இரண்டாமவரும் அதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல். மூன்றாவதாக வந்தவர் பகதூர், நேப்பாளத்துக்காரர். இங்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விடுப்புக் கேட்கக்கூட மலாயில் தடுமாறுவார். அவரும் கையைக் கட்டிக்கொண்டு அதே வாக்கியத்தை, கடிதத்தில் எழுதுகிற மலாயில், தங்குதடையில்லாமல் சொன்னார். சொந்த விருப்பத்தின்பேரில்!

மனப்பாடப் பேச்சு எப்படி இருக்கும் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் பகதூரைத்தான் சொல்வேன். கண் சுவரைப் பார்க்கும். மூச்சு வாக்கியத்தின் நடுவில் வராது. முடிந்ததும் தோள் தளரும்.

நான் அவரோடு வாதாடவில்லை. அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றி வைத்தேன். பிறகு, "உங்கள் இயந்திரம் எங்கே இருக்கிறது? காலையில் வந்தவுடன் என்னென்ன செய்வீர்கள்?" என்று எளிய மலாயில் கேட்டேன்.

அவர் முகம் மாறியது. இது அவருக்குத் தெரிந்த விஷயம். வருகை அட்டை தட்டுவது, கையுறை, துடைப்பது, எண்ணெய் விடுவது என்று கையை ஆட்டிக் காட்டி, உடைந்த மலாயில், பாதி வாக்கியம் பாதி சைகையாகச் சொன்னார். தண்ணீர்ப் போத்தலை எங்கே வைப்பார் என்பதையும் சொன்னார். தரையில் வைத்தால் மரத்தூள் விழும். அதனால் சுவரோரத் தட்டில் கிடக்கும் சுகுமாரனின் இரும்பு மூடிமேல் வைப்பார். அது தட்டையாக இருக்கும், போத்தல் ஆடாது.

என் பேனா நிற்காமல் பார்த்துக்கொண்டேன். "எப்போதிலிருந்து அதன்மேல் வைக்கிறீர்கள்?"

"போன திங்கட்கிழமையிலிருந்து" என்றார். "அதற்குமுன் அது அங்கே இல்லை."

விபத்து வியாழக்கிழமை. மூன்று நாளாக அந்த மூடி எல்லார் கண்முன்னாலும் தட்டில் கிடந்திருக்கிறது. மேற்பார்வையாளர் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்த வழியாக நடப்பவர்.

தாம் என்ன சொன்னோம் என்பது பகதூருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் பொன்னையா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலைப் பகதூருக்குப் படித்துக்காட்டினேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உடனே நாங்கள் இருவரும் கீழே இறங்கிப் போனோம். தட்டில் மூன்று மூடிகள் இருந்தன. ஒன்றின்மேல் போத்தல் வைத்த ஈர வட்டம் இருந்தது.

அன்று பிற்பகல் குணசேகரன் அண்ணனைக் கூப்பிட்டேன். தோட்டத்திலிருந்தே பழக்கம், ஒரே தொழிற்சாலையில் பதினான்கு வருடம். என் கல்யாணத்தில் பந்தல் வேலையை முன்னின்று பார்த்தவர். அவர் உட்கார்ந்து, பொன்னையாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"விமலா, உன்ன இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நீங்கதான்ணே. அத மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

அவருக்கு அது எதிர்பாராத பதில். சற்று நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த இடைவெளியில் எதையாவது சொல்லி அவருக்கு உதவ வேண்டும் என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"போன திங்கக்கெழமை காலையில என்னண்ணே நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அலமாக்... எத்தனை வாட்டி மேனேஜர்கிட்டச் சொன்னேன் தெரியுமா, இந்தக் காலுக்கு வேற மூடி செய்யணும்னு. நேரமில்ல, கண்டெய்னர் போவணும், எப்படியாச்சும் செய்யின்னாரு. எப்படியாச்சும்னா என்ன அர்த்தம்? நான்தான் கழட்டுனேன். மூணையும் நான்தான் கழட்டுனேன். அந்தப் பசங்களுக்கு என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்." பிறகு தாழ்ந்த குரலில், "அவன் ரத்தத்தத் துணியில சுத்துனதும் நான்தான் விமலா" என்றார்.

எல்லாவற்றையும் எழுதினேன். படித்துக்காட்டினேன். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு தாள்களை வரிசையாக அடுக்கினேன். பொன்னையா எனக்கும் தண்ணீர் ஊற்றி வந்து வைத்தார்.

சுகுமாரன்மேல் குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. கை ஆறியதும் பொருள் பரிசோதிக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அண்ணனின் மேற்பார்வைப் பதவி போய், சரக்கு அறைக்கு அனுப்பப்பட்டார். மேனேஜருக்கு ஒரு கடிதம் போனது என்று கேள்வி. அது என் கைக்கு வரவில்லை. வளைந்த காலுக்கேற்ற புதிய மூடி இரண்டு வாரத்தில் வந்தது. இரண்டு வாரத்தில் முடிகிற வேலைதான் அது.

அதன்பிறகு முற்றத்தில் எல்லாத் தொழிலாளர்களையும் கூட்டி விஷயத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. பொன்னையாவுக்கு அன்று காய்ச்சல். நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த தாளை நான் மலாயில் வாசித்தேன். விரும்பத்தகாத சம்பவம், பாதுகாப்பே முதன்மை, அனைவரின் ஒத்துழைப்பு. முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் என் பக்கத்தில் நின்றார். கூட்டம் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. நான் எழுதியதுதான் அந்தத் தாள், எனக்கே அது காதில் ஏறவில்லை.

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். "நாளைக்கு மேற்பார்வையாளர் மூடியைக் கழற்றச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார்.

தாளில் அதற்குப் பதில் இல்லை. தவுக்கே என்னைப் பார்த்தார். யோசிக்க நேரமில்லை.

"இயந்திரத்தை நிறுத்துங்கள். என் அறைக்கு வாருங்கள். அவர் சொன்ன வார்த்தையையும் நேரத்தையும் நான் எழுதிக்கொள்வேன். அதற்காக ஒருவருக்கும் வேலை போகாது."

அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சொன்னபிறகுதான் அது உறைத்தது. கூட்டம் என்னைவிட்டுத் தவுக்கேயைப் பார்த்தது. அவர் கீழே பார்த்தார், தொண்டையைச் செருமினார். "பெத்துல்" என்றார். சரிதான் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைத் தவிர அன்று அவர் எதுவும் பேசவில்லை. நான் என் தொழிலில் கேட்ட பேச்சுகளிலேயே சிறந்தது அதுதான்.

மறுநாள் பொன்னையா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அதிகாரம் இல்லாமல் வாக்குக் குடுத்திட்டீர்."

"ஆமா சார்."

"அவர் மனசு மாறுறதுக்கு முன்னம் எழுத்தில கொண்டு வாரும்."

மத்தியானத்துக்குள் தட்டிக் கொண்டுபோய்த் தவுக்கேயின் கையெழுத்தை வாங்கினேன். பணியாளர் கையேட்டில் அது இன்னும் இருக்கிறது. அடுத்த வருடங்களில் ஏழெட்டுப் பேர் என் அறைக்கு வந்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. விசாரணைக் குறிப்புகளை நான் எழுதிய முறையிலேயே இப்போதும் எழுதுகிறார்கள் என்று தர்ஷினி சொன்னாள். அதில் எனக்குப் பெருமைதான். அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

குணசேகரன் அண்ணன் சரக்கு அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாளில் அவருடைய நேர்காணலை நான்தான் நடத்தினேன். வேறு யாரையாவது கேட்கச் சொல்லட்டுமா என்றபோது, "நீயே கேளு" என்றார். வேலை எப்படி இருந்தது, எது பிடித்தது, எதை மாற்றலாம் என்று படிவத்தில் இருக்கிற கேள்விகளுக்கு ஓரிரு சொல்லில் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. பெரும்பாலானோர் இல்லை என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். அவர் எழவில்லை. நான் காத்திருந்தேன்.

"இன்னிக்குக் காலையில சுகுமாரன் சரக்கு அறைக்கு வந்தான்" என்றார். "இத்தனை வருசமா கேண்டீன்ல அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. இன்னிக்கு நேரா வந்து கை நீட்டுனான். வலது கைய. நான் அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன் விமலா. என்னால விட முடியல. 'போதும்ணே, வேலை கெடக்கு'ன்னு அவன்தான் சொன்னான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையும் எழுது" என்றார்.

படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு கோடுதான் இருந்தது. தாளைப் பின்பக்கம் திருப்பி, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, படித்துக்காட்டினேன். அண்ணன் இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.